நொய்யற்கரைக் கணக்கு

ஆற்றை நாடி ஊர் அமைதலும், ஊரை நாடித் தொழில் வளர்தலும் உலகெங்கும் நிகழ்ந்தனவே. ஆறு ஊரை வளர்த்தது. ஊர் தொழிலை வளர்த்தது. தொழில் வளர்ந்தபின் ஆற்றை யார் காத்தனர் என்று வினவின், விடை கூறுதல் எளிதன்று. வறுமை நீங்கப் பொருள் பெருகவேண்டும். பொருள் பெருகுங்கால் நீரும் நிலமும் கெடாதிருத்தல் வேண்டும். இவ்விரண்டும் ஒருங்கு நிற்றல் கூடுமோ என்பதனை அறிஞர் பலர் பேரவைகளிற் கூடி ஆராய்ந்துள்ளனர். யாம் அப்பேரவைகளைக் கண்டோமல்லோம். ஆயினும், இவ்வினா எம் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்த ஒன்றாகலின், அதனைக் குறித்துச் சில எழுதத் துணிந்தோம். இக்கல்லூரியிற் பயின்று, இன்று இக்கல்லூரியிலேயே பயிற்றும் எமக்கு, இம்மலரைப் படிக்கும் மாணவரிடம் மறைக்கத் தக்கது இதில் ஒன்றுமில்லை.

நொய்யல், மேற்குத் தொடர்ச்சி மலையைச் சார்ந்த வெள்ளியங்கிரிப் பகுதியில் தோன்றிக் கிழக்கு நோக்கி ஓடிக் கோயம்புத்தூரையும் திருப்பூரையும் கடந்து, கரூர் மாவட்டத்தில் தன் பெயரே பூண்ட ஓர் ஊரின் அருகே காவிரியொடு கலக்கும் ஆறாகும். பேரூர்த் தலத்தார் இதனைக் காஞ்சிமாநதி என்று போற்றுவர். இது பெரிய ஆறும் அன்று. ஆண்டு முழுதும் நீர் ஓடும் ஆறும் அன்று. மலையில் மழை பொழிந்தாற் பெருகும். பொழியாவிடின் மணலாய்க் கிடக்கும். ஆகவே, சில நாள் வரும் வெள்ளத்தை வீணாக்காமற் காத்தற்பொருட்டு, முன்னோர் இதன் வழிநெடுகச் சிற்றணைகளும் குளங்களும் தொடராக அமைத்தனர். உக்கடம், சிங்காநல்லூர், சூலூர் முதலிய இடங்களில் உள்ள குளங்கள் அத்தொடரைச் சேர்ந்தனவே. குளத்து நீர் நிலத்தினுள் ஊறிக் கிணறுகளை அடைந்தது. மழை குறைந்த கொங்கு நாட்டில் உழவர்க்குக் கிணறே உயிர்நிலை.

எம் அன்னையைப் பெற்ற பாட்டனாரை எம் நாட்டு வழக்கப்படி அப்புச்சி என்று அழைப்போம். திருப்பூருக்குக் கிழக்கே நொய்யற்கரையில் அவர்க்கு ஐந்து ஏக்கர் நிலமும் ஒரு கிணறும் இருந்தன. கிணற்றைச் சுற்றித் தென்னை. வாய்க்காலை ஒட்டி மஞ்சள். எஞ்சிய இடத்திற் சோளமும் கம்பும். அவர் பள்ளியிற் பயின்றது மூன்றாம் வகுப்பு வரையிலேயே ஆயினும், வரவு செலவு அனைத்தையும் நீண்ட நோட்டு ஒன்றில் தாமே எழுதி வைப்பார். விதைக்கு இத்தனை, எருவுக்கு இத்தனை, களை பறித்த பெண்டிர்க்கு இத்தனை என்று எழுதிக்கொண்டு வருவார். கொடுக்கவேண்டியதோ வரவேண்டியதோ பாக்கி நிற்குமாயின், அப்பக்கத்தின் மூலையை மடித்து வைப்பார். பாக்கி தீர்ந்த பின்னரே அம்மடிப்பை நிமிர்த்துவார். இளமையில் யாம் அந்நோட்டைப் புரட்டி விளையாடியதும், மடிப்பை நிமிர்த்தியதற்காக அவரிடம் குட்டுப் பெற்றதும் இன்றும் நினைவில் உள்ளன.

பருத்திச் சந்தையாய் விளங்கிய திருப்பூர், இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் பனியன் தொழிலை மேற்கொண்டது. 1980-ஆம் ஆண்டிற்குப் பின்னர் அயல்நாட்டு வாணிகம் பெருகிற்று. அண்மை ஆண்டுகளில் அவ்வூரினின்று வெளிநாடு செல்லும் ஆடைகளின் மதிப்பு, ஆண்டொன்றுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்டதாகும். வானம் பொய்த்த தென்மாவட்டங்களினின்றும், பீகார் ஒடிசா முதலிய வடமாநிலங்களினின்றும் வந்தார்க்கு அவ்வூர் சோறிட்டது. தம் உழைப்பின் கூலியைத் தம் கையிலேயே பெறும் பேற்றினைப் பெண்டிர் பலர் அங்கேதான் முதன்முதல் எய்தினர். ஆதலின் இத்தொழிலைப் பழித்தொதுக்கும் எண்ணம் எமக்கு இல்லை. இதன் வரலாற்றில் எழுதாது விடப்பட்ட ஒரு பக்கத்தையே எடுத்துக்காட்ட விழைகின்றோம்.

பனியனுக்கு நூல் எத்துணை இன்றியமையாததோ, அத்துணை இன்றியமையாதது நீர். துணியை முதலில் வெளுத்தல் வேண்டும். பின்னர்ச் சாயத்தில் தோய்த்தல் வேண்டும். அதன்பின் பன்முறை அலசுதல் வேண்டும். பருத்தி இழையும் அதற்கென இடும் சாயமும் நீரினுள் ஒரே வகை மின்னூட்டம் உடையன ஆகலின், ஒன்றையொன்று விலக்கும். அவ்விலக்கத்தைத் தணித்துச் சாயத்தை இழையில் ஏற்றுதற்கு உப்பைப் பெய்வர். கருநீலம் போன்ற ஆழ்ந்த நிறமாயின், துணியின் நிறையிற் பாதியளவோ அதனினும் மிகுதியோ உப்பு வேண்டப்படும். சாயத்திற் பெரும்பகுதி துணியில் தங்கிவிடும். உப்போ தங்குவதில்லை, பெய்த அளவும் கழிநீரோடு வெளியேறும். சுண்ணாம்பு முதலியவற்றை இட்டு நிறத்தைப் பெரிதும் பிரித்தெடுக்கலாம். கரைந்த உப்பு அவ்வாறு படிவதில்லை. ஆற்றில் விடும் கழிநீரில் லிட்டர் ஒன்றுக்கு 2100 மில்லிகிராமிற்கு மேல் கரைபொருள் இருத்தலாகாது என்னும் விதி இருந்தும், அது நெடுங்காலம் ஏட்டளவிலேயே நின்றது. கண்ணுக்குத் தெளிந்த நீரும் நாவுக்கு உவர்ப்பாய் வேருக்கு நஞ்சாய் முடிந்தமைக்குக் காரணம் இதுவே.

திருப்பூருக்குக் கீழே ஒரத்துப்பாளையத்தில் நொய்யலின் குறுக்கே ஓர் அணை 1992-ஆம் ஆண்டளவிற் கட்டி முடிந்தது. பதினாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்திற்குப் பாசனம் அளித்தலே அதன் நோக்கம். அப்புச்சி வெளுத்த வேட்டி உடுத்து, வீட்டார் அனைவரையும் மாட்டுவண்டியில் ஏற்றிச் சென்று, அவ்வணையைக் கண்டு வந்த செய்தியை எம் அன்னையார் பன்முறை கூறக் கேட்டிருக்கின்றோம். அம்மாயி ஆற்றங்கரையிற் பொங்கலிட்டாராம். பின்னர் நிகழ்ந்ததை அப்புச்சி எமக்கு ஒரே தொடரிற் கூறுவார்: "தண்ணி வந்துதுன்னு கும்பிட்டோம் கண்ணு, வந்தது தண்ணியில்லை."

மேலே பட்டறைகள் விட்ட கழிநீர் அணையில் வந்து தேங்கியது. தேங்கிய நீர் நிலத்தினுள் இறங்கிச் சுற்றுப்புறக் கிணறுகளைச் சேர்ந்தது. மதகு வழியே வந்தது கரையோர வயல்களைச் சேர்ந்தது. எம் நிலத்தில் முதலில் மஞ்சள் முளைத்தல் குன்றிற்று. அடுத்துத் தென்னையிற் குரும்பை உதிர்ந்தது. எஞ்சிய காய்களும் சிறுத்தன. பின்னர் மாடுகள் தொட்டியில் முகம் வைத்து, நீர் பருகாமலே திரும்பின. நீரைத் தேக்குதற்கெனக் கட்டிய அணையில் நீரைத் தேக்கலாகாது என்று உழவரே முறையிட்ட விந்தையை அக்காலத்தில் எம் நாடு கண்டது.

நிலம் கைவிட்ட ஆண்டில், எம் தாய்மாமன் தூக்குப்போசியிற் சோறு எடுத்துக்கொண்டு திருப்பூர்ப் பேருந்தில் ஏறினார். அவர்க்கு வாய்த்த வேலை ஒரு சாயப்பட்டறையில். தந்தையின் கிணற்றைக் கெடுத்த நீரில், மகன் நின்று உழைத்த தொட்டிகளின் நீரும் கலந்திருத்தல் கூடும். இருவரும் அதனை அறிவர்; இருவரும் அதுபற்றி ஒருநாளும் பேசியதில்லை. மாமன் வீடு திரும்புங்கால் அவர்தம் நகக்கண்களில் நீலமோ சிவப்போ படிந்திருக்கும். அப்புச்சியோடு அமர்ந்து உண்ணும்போது இலைக்கு அப்பால் நோக்கியவாறே உண்பார். 2009-ஆம் ஆண்டில் யாம் இக்கல்லூரியிற் சேர்ந்தபோது முதற் கட்டணத்தைச் செலுத்தியது அக்கையே. அம்மானுடைய நீல விரல்கள் ரூபாய்த் தாள்களை எண்ணியதை யாம் மறந்தோமல்லோம்.

உழவர் நெடுநாள் முறையிட்ட வழக்குகள் மெல்ல நடந்தன. இதற்கிடையில், வேலூர்ப் பகுதித் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் பாலாற்றைக் கெடுத்தமை குறித்த வழக்கில், உச்சநீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28-ஆம் நாள் ஒரு தீர்ப்பு வழங்கிற்று. கெடுத்தவரே அக்கேட்டிற்குரிய பொருளை இறுக்கவேண்டும் என்பதும், கேடு விளையுமுன் தடுத்தல் வேண்டும் என்பதும் நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியே என்று அத்தீர்ப்பு நிலைநாட்டியது. நொய்யலைப் பொறுத்தவரை, சாயக் கழிநீரில் ஒரு துளியும் ஆற்றில் விடலாகாது என்னும் நெறியைச் சென்னை உயர்நீதிமன்றம் 2006-ஆம் ஆண்டில் வகுத்தது. உச்சநீதிமன்றம் 2009-ஆம் ஆண்டில் அதனை உறுதி செய்தது. அந்நெறி நிறைவேறாமை கண்டு, 2011 ஜனவரி 28-ஆம் நாள், எழுநூற்றுக்கு மேற்பட்ட சாயப்பட்டறைகளையும் மூடுமாறு உயர்நீதிமன்றம் ஆணையிட்டது.

அச்செய்தி வந்த மாலையில் யாம் ஊரில் இருந்தோம். அண்டை வீட்டார் ஒருவர் வேலியருகே நின்று, நெடுநாட்பட்ட வழக்கு வென்றதென்று மகிழ்ச்சியோடு உரைத்தார். பதினெட்டு ஆண்டுகளாய்க் கிணற்றை எட்டிப் பார்த்துப் பெருமூச்செறிந்த அப்புச்சியும் மகிழ்வார் என்றே எண்ணினோம். அவர் சற்றுநேரம் வாளாவிருந்தார். பின்னர், "ஆத்துக்கு நல்லது. உங்க மாமனுக்கு?" என்றார். நாள்கள் சில கழித்து மாமன் தூக்குப்போசியோடு வீடு வந்து சேர்ந்தார். எம்மொடு பயின்ற மாணவர் சிலர் கல்லூரியை விட்டு நின்றனர். எம் கல்விக்கு அப்பருவத்தில் வேண்டிய கட்டணத்தை, காய்ப்பொழிந்து நின்ற தென்னைகளை வெட்டி விற்று அப்புச்சி செலுத்தினார். ஆறு கெட்டபோது இழந்த குடும்பமே ஆற்றைக் காக்கத் தொழில் நின்றபோதும் இழந்தது. இருமுறையும் பெரும்பொருள் ஈட்டியோர் வேறு, இழந்தோர் வேறு.

"முதலிற் செல்வம் சேர்ப்போம், பின்னர்ச் சீர் செய்வோம், செல்வ நாடுகள் அவ்வாறன்றோ செய்தன?" என்று வாதிப்பார் உளர். இலண்டன் மாநகரத்துத் தேம்ஸ் ஆறு 1858-ஆம் ஆண்டுக் கோடையில் மக்கள் அணுகவொண்ணாத அளவு நாறியதும், அதன்பின் பெருஞ்சாக்கடைகள் அமைக்கப்பட்டதும், 1957-ஆம் ஆண்டில் அவ்வாற்றின் ஒரு பகுதி உயிரற்றதென்று அறிஞர் கூறியதும், பின்னர் முயன்று தூய்மை செய்ய மீன்கள் மீண்டதும் உண்மையே. ஆயின், தேம்ஸ் ஆண்டு முழுதும் நீர் ஓடும் ஆறு. கடலின் ஏற்றவற்றம் நாள்தோறும் புகுந்து வெளியேறும் ஆறு. நொய்யலோ ஆண்டில் சில நாளே பெருகுவது. அதன் கரை நிலத்தின் கீழே கடும்பாறை; அப்பாறையின் வெடிப்புக்களிலேதான் கிணற்று நீர் நிற்கின்றது. அங்கே இறங்கிய உப்பைக் கழுவி வெளியேற்ற வெள்ளம் இல்லை. "பின்னர்ச் சீர் செய்வோம்" என்னும் வாய்ப்பு ஈரநாட்டார்க்கு ஒருகால் இருந்திருக்கலாம். வறள்நிலத்து ஏழைநாட்டார்க்கு அஃது இல்லை. ஆகவே, அவர்கள் சென்ற வழி நமக்கு வழியாகாது.

எனினும், ஏழைநாட்டினர் வளர்தலே குற்றம் என்று கூறுவாரோடும் யாம் உடன்படோம். 1972-ஆம் ஆண்டில் ஸ்டாக்ஹோம் நகரில் உலகநாடுகள் கூடிய அவையில், இந்தியப் பிரதமராய் இருந்த இந்திரா காந்தி அம்மையார், வறுமையும் தேவையுமே பெரிய மாசுகள் அல்லவோ என்னும் கருத்துப்பட வினவினார். அவ்வினாவின் வன்மையை, மாமன் வேலையிழந்து திண்ணையில் இருந்த திங்கள்களில் யாம் உணர்ந்தோம். ஒரத்துப்பாளையத்து அணை எழுந்த காலத்திலேயே, 1992-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் ரியோ நகரில் மற்றுமொரு பேரவை கூடியது. பூமியைக் காக்கும் பொறுப்பு யாவர்க்கும் பொதுவாயினும் அவரவர் செய்த கேட்டிற்கும் அவரவர் ஆற்றலுக்கும் ஏற்ப வேறுபடும் என்றும், மாசின் செலவை மாசு செய்தவரே ஏற்றல் முறை என்றும் அவ்வவை அறிவித்தது. சொற்கள் நல்லன, அவை நொய்யற்கரையை வந்தடையத்தான் இருபது ஆண்டுகள் சென்றன.

எம் ஊர்க்கதை எம் ஊருக்கு மட்டும் உரியதன்று. வங்காளதேசத் தலைநகராகிய டாக்காவில், ஹசாரிபாக் என்னும் பகுதித் தோல் தொழிற்சாலைகள் புரிகங்கை ஆற்றை நெடுங்காலம் கெடுத்தன. நீதிமன்ற ஆணையால் 2017-ஆம் ஆண்டில் அவை சாவர் என்னும் இடத்திற்குப் பெயர்க்கப்பட்டன. அங்கு அமைத்த பொதுச் சுத்திகரிப்பு நிலையம் அவற்றின் கழிநீர்க்குப் போதாமையால், அருகோடும் தலேஸ்வரி ஆறும் மாசுற்றது. இந்தோனேசியாவிற் பாண்டுங் நகரைச் சூழ்ந்த நெசவாலைகளால் மாசுற்ற சித்தாரும் ஆற்றைத் தூய்மை செய்தற்கு அந்நாட்டரசு 2018-ஆம் ஆண்டில் ஒரு பெருந்திட்டம் வகுத்தது. இம்மூன்று ஊர்களினின்றும் செல்லும் ஆடையும் தோலும் பெரும்பாலும் செல்வ நாட்டுக் கடைகளையே அடைகின்றன. ஆங்கே விலை குறைவாய் இருத்தற்குக் காரணம் நம் உழைப்பின் கூலி குறைவு என்பர். ஆற்றின் கூலியும் கொடுக்கப்படவில்லை என்பதனைச் சேர்த்துச் சொல்வார் சிலரே.

இனி, திருப்பூரில் பின்னர் நிகழ்ந்தது நம்பிக்கைக்கு இடம் தருவது. தமிழ்நாட்டு அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அளித்தது. பட்டறைக்காரரும் தம் பொருளை இட்டனர். கழிநீரை நுண்ணிய சவ்வுகளின் வழியே அழுத்திச் செலுத்தி நன்னீரைப் பிரிக்கின்றனர், ஆர்.ஓ. என்று ஊரார் சொல்வது இதுவே. அந்நீரை மீண்டும் சாயத்திற்கே பயன்படுத்துகின்றனர். எஞ்சிய உப்புநீரைக் காய்ச்சி வற்றச்செய்து, உப்பிற் கூடியவரை பிரித்து மறுபடி ஆள்கின்றனர். முன்னர் இயலாதெனப்பட்டது இயன்றது. எம் மாமனும் மீண்டும் வேலைக்குச் சென்றார். ஆயினும் முழுவதும் தீர்ந்ததென்று கூறுதல் பொய்யாகும். உப்புநீரைக் காய்ச்ச மின்சாரமும் விறகும் மிகுதியாய்ச் செலவாகின்றன. கசடும் பிரியாத கலப்பு உப்பும் மூட்டைகளாய்க் குவிகின்றன. இரவில் மறைவாய்க் கழிநீரை விடுவாரும் அவ்வப்போது பிடிபடுகின்றனர். தூய்மைக்குச் செலவிடும் பட்டறை, செலவிடாத வேற்றூர்ப் பட்டறையோடு விலையிற் போட்டியிட நேர்கின்றது. ஒழுங்காய் நடப்பவன் நட்டமடைவதும் ஒழுங்கற்றவன் ஊதியமடைவதும் ஆன சந்தையில், அறம் எத்துணை நாள் நிற்கும்?

ஆகவே யாம் துணிந்தது ஒன்று. தொழிலும் ஆறும் ஒன்றற்கொன்று பகை என்று எண்ணுதல் பிழை. கணக்கில் எழுதாது விடப்பட்ட செலவே இரண்டிற்கும் பகை. தூய்மைக்கு ஆகும் செலவு எஞ்ஞான்றும் இல்லாமற் போவதில்லை. ஒருவர் கொடாதொழியின் மற்றொருவர் கொடுக்கின்றார். பட்டறை கொடாதபோது அப்புச்சியின் தென்னைகள் கொடுத்தன. காலம் கடந்து ஒரே நாளிற் கதவடைத்தபோது மாமனின் கூலி கொடுத்தது. அச்செலவு தொடக்கத்திலேயே சட்டையின் விலையில் ஏறுமாயின், வாங்குவோன் சில காசு மிகுதியாய்க் கொடுப்பான், கிணறும் நிலைக்கும், வேலையும் நிலைக்கும். அரசின் கடமை, அவ்விலை எல்லார்க்கும் ஒன்றாகுமாறு விதியை எவ்வூரிலும் ஒப்ப நடத்துதல். செல்வ நாட்டு வணிகரின் கடமை, தூய்மையை வேண்டுவதோடு நில்லாது அதற்குரிய விலையையும் தருதல். நம் கடமை, எது மலிவு என்று கேட்குமுன் எதனால் மலிவு என்று கேட்டல்.

அப்புச்சி காலமாகிச் சில ஆண்டுகள் ஆயின. சென்ற கோடை விடுமுறையில் வீட்டுப் பரணை ஒழுங்கு செய்தபோது, அவர்தம் பழைய கணக்கு நோட்டுக்கள் அகப்பட்டன. ஒவ்வொரு மூலையும் நிமிர்த்தப்பட்டிருந்தது. கடைசி நோட்டில் ஒரு பக்கம் மட்டும் மடிந்தே இருந்தது. அப்பக்கத்தில் வரவேண்டிய பாக்கி என்னும் தலைப்பின்கீழ், "ஆத்துத் தண்ணி" என்று அவர் கையால் எழுதியிருந்தார். யாரிடமிருந்து என்பதற்கு நேரே ஒன்றும் எழுதவில்லை. தொகை எழுதும் இடமும் வெறிதாய் இருந்தது. மாமன் அருகே வந்து அதனை நோக்கினார். நகக்கண்களில் நீலம் படிந்த அவ்விரல் அம்மடிப்பின்மேல் சற்றுத் தங்கியது. நிமிர்த்தாமலே நோட்டை மூடி எம் கையில் தந்தார்.

மாணவ அன்பர்காள்! உங்களுள் சிலர் நாளை தொழில் நடத்துவீர்; சிலர் அதிகாரிகளாய்க் கையொப்பமிடுவீர்; சிலர் வேதியியல் பயின்று, உப்பின்றியும் சாயம் ஏற்றும் வழியைக் காண்பீர்; யாவரும் சட்டை வாங்குவீர். அந்நோட்டு இப்போது எம் மேசைமேல் இருக்கின்றது. வரவேண்டிய தொகை எவ்வளவு என்று கணக்கிடுதலும், கொடுக்கவேண்டியவர் யாவர் என்று எழுதுதலும் உங்கள் தலைமுறையிலேனும் நிறைவேறுக. அன்று அம்மூலையை நிமிர்த்துவோம்.